கடைசி இடத்தில் தொடங்கிய சுல்தான்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

சதுரங்கம் என்று சொன்னாலே இன்று நம் சென்னைக்குத் தனி மிடுக்கு வந்துவிடுகிறது. 1988-இல் விசுவநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2022-இல் மாமல்லபுரத்தில் உலக நாடுகளெல்லாம் கூடி ஒலிம்பியாட் ஆடின. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் சீனத்து டிங் லிரனை வென்று, பதினெட்டே வயதில் உலகப் பட்டம் பெற்ற குகேஷ் படித்த பள்ளி, நம் அம்பத்தூரை அடுத்த மேல் அயனம்பாக்கத்தில்தான் இருக்கிறது. பிரக்ஞானந்தா பாடியில் வளர்ந்த பிள்ளை. பெருமைக்குக் குறைவில்லை.

ஆனால் மதிய இடைவேளையில் நம் வகுப்புத் தோழர்கள் பலகையை விரித்து உட்காரும்போது வேறொன்றைக் காண்கிறேன். நான்கு ஆட்டம் தொடர்ந்து தோற்றவர் ஐந்தாவது ஆட்டத்துக்கு வருவதில்லை. ஐந்து வயதிலேயே பயிற்சி வகுப்புக்கு அனுப்பப்பட்டவர்களுக்கும், ஆங்கிலப் புத்தகங்களை அடுக்கி வைத்துப் படித்தவர்களுக்கும் உரிய ஆட்டம் இது, பதினெட்டு வயதில் காய்களின் பெயரைக் கற்றுக்கொண்ட நமக்கு இது வராது என்று ஒதுங்கிவிடுகிறார். அவருக்கு ஆனந்தின் வரலாற்றையோ குகேஷின் வரலாற்றையோ சொல்லிப் பயனில்லை. அவர்கள் இளமையிலேயே முறையாகத் தொடங்கியவர்கள் என்ற ஒரே பதிலில் அவர் வாயை அடைத்துவிடுவார். அவருக்குச் சொல்ல வேண்டிய வரலாறு வேறொருவருடையது. இருபது வயதைக் கடந்த பிறகே இன்றைய விதிகளின்படி ஆடக் கற்றவர், அயல்நாட்டில் ஆடிய முதல் சிறு போட்டியில் கடைசி இடம் பெற்றவர், சில வாரங்களில் அந்நாட்டுக்கே சாம்பியன் ஆனவர். அவர்தான் மீர் சுல்தான் கான்.

பஞ்சாபில், இன்று பாகிஸ்தானின் பகுதியாக உள்ள குஷாப் மாவட்டத்தில், மிட்டா திவானா என்ற சிற்றூரில் பிறந்தவர் அவர். பழைய நூல்கள் 1905 என்றும், வேறு சில 1903 என்றும் பிறந்த ஆண்டைக் குறிக்கின்றன. தந்தையார் மியான் நிஜாம் தீன். ஒன்பது வயதளவில் தந்தையே மகனுக்குச் சதுரங்கம் கற்றுக் கொடுத்தார். ஆனால் அது நாம் இன்று ஆடும் சதுரங்கம் அன்று.

இதைச் சற்று விளக்கியாக வேண்டும், ஏனெனில் அவர் வரலாற்றின் முடிச்சே இங்குதான் இருக்கிறது. அக்காலத்து இந்திய முறையில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். கோட்டை கட்டுதல் என்பது கிடையாது. அதற்கு மாறாக ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவிக்கொள்ளலாம். கடைசி வரிசையை எட்டிய சிப்பாய் விரும்பியபடி ராணியாகிவிட முடியாது. எந்தக் கட்டத்தை எட்டியதோ அந்தக் கட்டத்துக்குரிய காயாகவே மாறும். குதிரை நின்ற வரிசையில் போய்ச் சேர்ந்தால் குதிரை, யானை நின்ற வரிசையில் போய்ச் சேர்ந்தால் யானை. ஊருக்கு ஊர் சில வேறுபாடுகளும் இருந்தன. முதல் நகர்த்தலில் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. அவர்கள் அறியாமல் சொல்லவில்லை, பழைய விதியைச் சொல்கிறார்கள்.

இந்த முறையில் ஆட்டம் மெல்லத்தான் சூடுபிடிக்கும். பத்தாவது நகர்த்தலில் எதிரியை மடக்கிவிடும் தந்திரங்களுக்கு அதில் இடம் குறைவு. மாறாக, எந்தச் சிப்பாயை எந்த வரிசையில் கொண்டுபோவது என்று தொடக்கத்திலிருந்தே கணக்கிட வேண்டும். ஆகவே அதில் ஊறியவருக்கு இயல்பாகவே இரண்டு குணங்கள் வந்துவிடும். ஒன்று பொறுமை, மற்றொன்று சிப்பாயின் அருமை. இருபத்தோரு வயதளவில் பஞ்சாபிலேயே சிறந்த ஆட்டக்காரர் என்று சுல்தான் கான் பெயரெடுத்தார்.

அப்பகுதியின் பெருநிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான் திவானா, சதுரங்கத்தில் பெரும் பற்றுடையவர். அவர் சுல்தான் கானைத் தம்மிடம் அழைத்துக்கொண்டு, ஐரோப்பிய விதிகளை அவருக்குக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். வெளிநாட்டார் எழுதிய பல நூல்களில் சுல்தான் கான் அந்தப் பிரபுவின் வேலைக்காரர் என்றும், எழுத்தறிவற்றவர் என்றும் காணப்படுகிறது. அவர் குடும்பத்தார் இதை மறுத்து எழுதியிருக்கிறார்கள். நிலபுலமும் மதிப்பும் உள்ள குடும்பம் தங்களுடையது என்றும், ஆட்டக்காரர் என்ற முறையிலேயே அவர் ஆதரிக்கப்பட்டார் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். ஆங்கிலேயர் எழுதி வைத்ததை அப்படியே ஏற்பதைவிட வீட்டார் சொல்லைக் கேட்பதே நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்றில் மட்டும் இரு தரப்புக்கும் ஐயமில்லை. சதுரங்க நூல்களைக் கற்று அவர் ஆட்டக்காரர் ஆனவர் அல்லர்.

1928-இல் அகில இந்தியப் போட்டியில் கலந்துகொண்டார். ஒன்பது ஆட்டங்களில் எட்டு வெற்றி, ஒன்று சமநிலை, தோல்வியே இல்லை. அடுத்த ஆண்டு வசந்த காலத்தில் உமர் ஹயாத் கான் லண்டன் சென்றபோது அவரும் உடன் சென்றார். ஏப்ரல் இறுதியில் அங்கே கால் வைத்தார்.

அவரைப் பழக்குவதற்காக லண்டனில் ஒரு சிறிய பயிற்சிப் போட்டி நடத்தினார்கள். இந்தியாவின் சாம்பியன் என்ன ஆனார்? கடைசி இடம். அதையும் வேறொருவரோடு பகிர்ந்துகொண்டார். தொடக்க நகர்த்தல்களில் ஐரோப்பியர் நூற்றாண்டுக் கணக்கில் சேர்த்து வைத்திருந்த அறிவு அவரிடம் இல்லை. அவர் காய்களை வெளியே கொண்டுவந்து முடிப்பதற்குள் எதிரி தாக்கத் தொடங்கிவிடுவார். போதாததற்கு லண்டன் குளிர் வேறு. மலேரியாவும் சளியும் தொண்டை நோயும் அவரை விடாமல் பற்றிக்கொண்டன. கழுத்தைச் சுற்றித் துணியால் கட்டிக்கொண்டே பலகையின் முன் அமர்ந்திருக்கிறார்.

நம் நண்பர் ஐந்தாவது ஆட்டத்துக்கு வராமல் போனது இப்படிப்பட்ட கட்டத்தில்தான். சுல்தான் கானுக்கு அங்கே இருவர் கிடைத்தார்கள். ஒருவர் பிரெட் யேட்ஸ், 1928-இன் பிரிட்டிஷ் சாம்பியன். மற்றவர் வில்லியம் வின்டர், பின்னாளில் 1935-இலும் 1936-இலும் அதே பட்டத்தை வென்றவர். அந்தப் பயிற்சிப் போட்டியில் அவருக்கு முன்னிடம் பெற்ற இவ்விருவருமே, போட்டி முடிந்ததும் அவரோடு உட்கார்ந்து ஆடிப் பழக்கினார்கள். தோற்கடித்தவர்களிடமே சுல்தான் கான் பாடம் கேட்டார். கேட்கவும் அவருக்குக் கூச்சமில்லை, சொல்லவும் அவர்களுக்குத் தயக்கமில்லை. பின்னால் தங்களுக்கே போட்டியாக வரப்போகிறவருக்குச் சொல்லித் தருகிறோமே என்று அவர்கள் எண்ணியதாகத் தெரியவில்லை.

அந்தக் கோடையில் ராம்ஸ்கேட் என்ற கடற்கரை ஊரில் பிரிட்டிஷ் சாம்பியன் போட்டி நடந்தது. லண்டன் வந்து சுமார் மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சுல்தான் கான் பட்டத்தை வென்றார். யாரும் எதிர்பார்க்கவில்லை.

மூன்று மாதத்தில் ஐரோப்பியத் தொடக்க ஆட்டங்கள் முழுவதையும் ஒருவர் கற்றுவிட முடியாது, எவராலும் முடியாது. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. முதல் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்களைச் சேதமில்லாமல் கடந்து, காய்களை வெளியே எடுத்து, ராஜாவைப் பத்திரப்படுத்திவிட்டால் போதும். அதன்பின் பஞ்சாபின் ஆட்டம் தொடங்கிவிடும். பலகையில் காய்கள் குறையக் குறைய அவர் பலம் ஏறிக்கொண்டே போகும். பின்னாளிலும் அவர் தொடக்கத்தில் தடுமாறிய ஆட்டங்கள் பல உண்டு. ஆனால் இறுதிக்கட்டத்தில் அவரை வெல்வது உலகின் பெரிய ஆட்டக்காரர்களுக்கே கடினமாக இருந்தது.

நம்மவர்கள் செய்வது இதற்கு நேர் எதிர் என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். கைப்பேசியில் ஒரு தொடக்க முறையின் காணொளியைப் பார்த்து, பதினைந்து நகர்த்தல்களை மனப்பாடம் செய்கிறார்கள். எதிரி மூன்றாவது நகர்த்தலிலேயே வேறு வழியில் திரும்பிவிட்டால் மனப்பாடம் அத்தனையும் வீண். ஒரு சிப்பாய் அதிகமாக வைத்துக்கொண்டு இறுதிவரை வந்தவர், அதை ராணியாக்கத் தெரியாமல் சமநிலையில் விடுவதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். ஒரு பக்கம் ராஜாவும் ஒரு சிப்பாயும், எதிர்ப்பக்கம் ராஜா மட்டும், இந்த மூன்று காய்களை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஆடிப் பாருங்கள். ராஜாக்கள் இருவரும் ஒரு கட்டம் இடைவிட்டு எதிரெதிரே நின்றால், நகர வேண்டிய முறை யாருடையதோ அவர்தான் வழிவிட வேண்டும். சிப்பாய்க்கு நேர் முன்னே ராஜா ஆறாம் வரிசையை எட்டிவிட்டால், ஓரத்துச் சிப்பாயாக இல்லாதவரை, முறை யாருடையதாயினும் வெற்றி உறுதி. இவ்வளவுதான். இதற்கு ஆங்கிலப் புத்தகம் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். எதிரே பொறுமையாக உட்கார ஒரு நண்பர் வேண்டும்.

இனி அவருடைய பெரிய நாள்களுக்கு வருவோம். 1929 இறுதியில் இந்தியா திரும்பி, 1930-இல் மீண்டும் ஐரோப்பா சென்றார். பெல்ஜியத்தின் லீஜ் நகரில் நடந்த போட்டியில் டார்டகோவருக்கு அடுத்தபடியாக இரண்டாம் இடம். மறு ஆண்டு அதே டார்டகோவருடன் நேருக்கு நேர் மோதி 6½–5½ என்று வென்றார். இங்கிலாந்தின் முதல் பலகையில் அமர்ந்து 1930, 1931, 1933 ஆகிய மூன்று ஒலிம்பியாடுகளில் ஆடினார். 1931-இல் ப்ராக் நகரில் ஃப்ளோரையும் ரூபின்ஸ்டைனையும் வென்று, அன்றைய உலகச் சாம்பியன் அலெகைனுடன் சமநிலை கண்டார். 1932-இல் லண்டனில் அலெகைன், ஃப்ளோர் ஆகிய இருவருக்கு அடுத்து மூன்றாம் இடத்தைக் காஷ்டானுடன் பகிர்ந்துகொண்டார். பிரிட்டிஷ் பட்டத்தை 1932-இலும் 1933-இலும் மீண்டும் வென்றார். அடிமை நாட்டிலிருந்து வந்த ஒருவர் ஆளும் நாட்டின் முதல் பலகையில் அமர்ந்தார்!

இவற்றுள் உலகம் மறவாதது ஓர் ஆட்டம். ஹேஸ்டிங்ஸ் நகரின் 1930–31 போட்டியில் அவருக்கு எதிரே அமர்ந்தவர் கியூபாவின் காப்பாபிளாங்கா. 1921 முதல் 1927 வரை உலகச் சாம்பியன். 1916-க்கும் 1924-க்கும் இடையே எட்டு ஆண்டுகள் ஒரு போட்டி ஆட்டத்தில்கூடத் தோற்காதவர். சுல்தான் கானுக்கு வெள்ளைக் காய். காப்பாபிளாங்கா தம் இரண்டு யானைகளையும் எதிரியின் கோட்டைக்குள் இறக்கி ராணியைப் பறித்தார். பதிலுக்குச் சுல்தான் கான் அந்த இரண்டு யானைகளையும் எடுத்துக்கொண்டார். பார்ப்பவர் கண்ணுக்கு ராணியை இழந்தவர் தோற்றவராகவே தெரிவார். ஆனால் அவருடைய இரண்டு யானைகளும் இரண்டு மந்திரிகளும் ஒன்றோடொன்று கைகோத்து நின்றன. காப்பாபிளாங்காவின் ராணிக்கு நுழைய வாசல் இல்லை. அதன் பிறகு நாற்பதுக்கும் மேற்பட்ட நகர்த்தல்கள்! அவசரம் இல்லை, ஆரவாரம் இல்லை. ஓர் அங்குலம் முன்னேறுவது, நின்று பார்ப்பது, மீண்டும் ஓர் அங்குலம். 65 நகர்த்தல்களில் காப்பாபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டார். அப்போட்டியில் யூவேயும் காப்பாபிளாங்காவும் முதல் இரண்டு இடங்களைப் பெற, மூன்றாம் இடம் சுல்தான் கானுக்கு. அந்த யூவே 1935-இல் உலகச் சாம்பியன் ஆனார்.

பலகையின் முன் அவர் முகத்தில் எந்த மாற்றமும் தெரியாது என்று உடன் ஆடியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வெல்லும் நிலையிலும் அதே முகம், தோற்கும் நிலையிலும் அதே முகம். ஒரு நிமிட ஆட்டத்தில் கைப்பேசித் திரையைக் குத்திக் குத்தி ஆடும் நமக்கு இது விளங்குவது கடினம். எதிரி நகர்த்தியதும், இவர் ஏன் இதை நகர்த்தினார், அடுத்து எதை எடுக்கப் பார்க்கிறார் என்று பத்து விநாடி நின்று பார்த்தாலே நம் தோல்விகளில் பாதி குறையும் என்பது என் கணிப்பு. ஆடிய ஆட்டத்தை எழுதி வைப்பதும் அப்படியே. ஆய்வகத்தில் எடுத்த அளவுகளை ரெக்கார்டு நோட்டில் எழுதாமல் யாரும் நம்மை வெளியே விடுவதில்லை. ஆடித் தோற்ற ஆட்டத்தை மட்டும் ஏன் காற்றில் விடுகிறோம்?

1933-இல் இன்னொரு வியப்பு நடந்தது. பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியன் பட்டத்தை ஃபாத்திமா என்ற இளம் பெண் வென்றார். பதினொரு ஆட்டங்களில் பத்து வெற்றி, ஒரு சமநிலை. இரண்டாமவரைவிட மூன்று புள்ளிகள் அதிகம். அவரும் அதே உமர் ஹயாத் கான் இல்லத்தைச் சேர்ந்தவர். ஒரே கூரையின் கீழிருந்து ஒரே ஆண்டில் இரண்டு சாம்பியன்கள்! சொல்லித்தர ஆளும், எதிரே உட்கார ஆளும் இருந்த வீடு அது. வரலாற்று நூல்கள் சுல்தான் கானுக்கு ஓர் அத்தியாயம் கொடுத்தால் ஃபாத்திமாவுக்கு ஒரு வரி கொடுக்கின்றன. இது நியாயமன்று. நம் கல்லூரி மாணவியர் அந்த ஒரு வரியைத் தேடிப் படிக்க வேண்டும்.

1933 டிசம்பரில் உமர் ஹயாத் கான் தாயகம் திரும்பினார், சுல்தான் கானும் திரும்பினார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பியிராது, அல்லது அப்போதுதான் நிரம்பியிருக்கும். உலகின் முதல் பத்து ஆட்டக்காரர்களுள் ஒருவர் என்று மதிக்கப்பட்ட நேரம். 1935-இல் காடில்கர் என்பவருடன் பத்து ஆட்டங்கள் ஆடி ஒன்பதை வென்று ஒன்றைச் சமன் செய்தார். அதற்குப் பிறகு பெரிய போட்டி எதிலும் அவர் பெயர் இல்லை. ஐரோப்பாவை அவர் மீண்டும் காணவில்லை.

ஏன் என்ற கேள்வி எழுகிறது. அக்காலத்தில் கப்பல் ஏறி ஐரோப்பா சென்று மாதக்கணக்கில் தங்கி ஆடுவது செல்வர்களின் துணையின்றி ஆகாத காரியம். இந்தியாவில் ஆட்டக்காரரைத் தாங்கிப் பிடிக்க ஓர் அமைப்பு இல்லை. சதுரங்கம் அங்கேயும் யாருக்கும் சோறு போடவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. அவருக்குப் பாடம் சொன்ன யேட்ஸ், ஆறு முறை பிரிட்டிஷ் சாம்பியன், 1932-இல் வறுமையில் வாழ்ந்த அறையிலேயே எரிவாயுக் கசிவால் உயிரிழந்தார். ஆகவே ஆட்டத்தை விட்டுவிட்டு ஊர் திரும்பி உழுது வாழ்ந்தவரைக் குறை சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஆனால் வருத்தம் தீரவில்லை. அவர் கடைசியாக ஐரோப்பாவில் ஆடிய 1933-க்குப் பின், இந்தியர் ஒருவர் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் தமிழ்நாட்டு மானுவல் ஆரோன். 1972-இல் சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் தால் சதுரங்கக் கழகம் தோன்றியது. சிறுவன் ஆனந்த் போய் ஆடியது அங்கேதான். யேட்ஸும் வின்டரும் சுல்தான் கானுக்குச் செய்ததை அந்தக் கழகம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் செய்தது. எதிரே உட்காரத் தம்மைவிடப் பலமான ஒருவரைக் கொடுத்தது.

நாடு பிரிந்தபின் சுல்தான் கான் பாகிஸ்தானியர் ஆனார். தம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பெரிய குடும்பத்தோடு வாழ்ந்தார். தம் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் பயிற்றவில்லை. வாழ்க்கைக்குப் பயன்படும் வேறு எதையாவது செய்யுங்கள் என்று சொன்னாராம். இதைப் படித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். வீட்டிலேயே முதலாவதாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளையிடம், ஆட்டம் சோறு போடுமா என்று கேட்காத தாய்தந்தையர் நம் பக்கத்தில் யார்? அவர்கள் கேட்பதில் தவறில்லை. காப்பாபிளாங்காவை வென்றவரே அப்படித்தான் கேட்டிருக்கிறார்.

1950-இல் உலகச் சதுரங்கச் சம்மேளனம் முதன்முதலாக 27 பேருக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது. சுல்தான் கான் அப்போது உயிரோடுதான் இருந்தார், பட்டியலில் அவர் பெயர் இல்லை. 1966 ஏப்ரல் 25 அன்று சர்கோதாவில் மறைந்தார். 2024 பிப்ரவரியில், மறைந்து ஏறத்தாழ 58 ஆண்டுகளுக்குப் பின், அதே சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை அளித்தது.

அவர் ஆடிய ஆட்டங்கள் பல இன்று எந்தக் கைப்பேசியிலும் காசின்றிக் கிடைக்கின்றன. காப்பாபிளாங்காவுடன் ஆடியதையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். ராணியும் யானைகளும் கைமாறும் 24-ஆவது நகர்த்தல் வரை பலகையில் வைத்துவிட்டு, மிகுதியை மூடிவிட்டு, இருவர் இருபுறமும் அமர்ந்து ஆடிப் பாருங்கள். ராணி இருக்கிறதே என்று கறுப்பின் பக்கம் உட்காரத்தான் முதலில் போட்டியிருக்கும்.